பூசையில் வைத்த வண்டிச் சாமான்கள்

எங்கள் கோப்பிக் கிட்டங்கியில் என்னோடு வேலை பார்க்கும் கணக்கர் ஒருவர் போன மாதம் ஒற்றை மாட்டு வண்டி வாங்கினார். வண்டியை நானே பழுது பார்த்துக்கொள்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் என்ன கைச்சாமான்கள் வைத்துக்கொள்ள வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டார். ஒரு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். அன்று மாலை எழுத உட்கார்ந்து, சுத்தியல் என்று ஒரு சொல் எழுதினேன். கலஹா ரோட்டு வளைவும், மழையும், ரோட்டோரக் கரையில் குடைக்குக் கீழே வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்த என் மகளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது போலிருந்தது. அதற்கு மேல் எழுத முடியவில்லை. அது நடந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இதை முதலில் எழுதி முடித்தால்தான் அந்தத் தாளை எழுத முடியும் போலிருக்கிறது.

கண்டியில் புரட்டாசி பிறந்தால் கொல்லர்கள் யாருக்கும் முகம் கொடுப்பதில்லை. கோப்பி இறங்கும் காலம். கொழும்பு ரோட்டிலும் பேராதனையிலும் பட்டறைக்குப் பட்டறை இரட்டை மாட்டு வண்டிகள் வரிசை பிடித்து நிற்கும். என்னைப் போன்ற குமாஸ்தாவின் சின்ன வண்டிக்கு, "தை மாசம் கொண்டாங்க" என்பதுதான் பதில். அதனால்தான் நானே கற்றுக்கொண்டேன். எங்கள் வண்டிக்கு இரும்பு அச்சு. பழைய வண்டிகளைப் போலக் கடையாணி கிடையாது. அச்சின் முனையில் மரை வெட்டி நாலு மூலை நட்டு ஒன்றைப் போட்டிருப்பார்கள். அந்த நட்டு கழன்றால் சக்கரமும் கழன்றுவிடும்.

முதலில் நான் வாங்கிய சாமான்கள் ஒரு சிவப்புத் தகரப் பெட்டியில் இருந்தன. கண்டிக் கடைத்தெருவில் ஒரு கடையின் முகப்பில் அதை வைத்திருந்தார்கள். மூடியில் தங்க எழுத்து. உள்ளே சுத்தியல், நட்டு திருகும் சாவி, குறடு, வெட்டிரும்பு எல்லாம் கறுப்புச் சாயம் பூசி, பிள்ளைகள் தூங்குவதைப் போல அடுக்கியிருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முதல் தடவை நட்டைத் திருகியபோதே சாவி வழுக்கி நட்டின் இரண்டு மூலைகளை மழுக்கிவிட்டது.

அதைத் தூக்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தண்டை இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியிடம் போனேன். அவர் சாவியைக் கையில் வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இத எங்க எடுத்தீங்க, கணக்கப்புள்ள?"

"கடைத்தெருவுலதான்."

"எடுக்கக்குள்ள சாமானப் பாத்தீங்களா, மூடிய மட்டும் பாத்தீங்களா?"

"பெட்டி நல்லா இருந்துச்சு."

"பெட்டி நல்லந்தான். பெட்டிய வெச்சிக்கோங்க, வூட்டுல வெத்தில போட ஒதவும். சாமான ஆத்துல போடுங்க. ஆறு கிட்டத்தான் ஈக்குது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் சாவியின் ஓரத்தில் நகத்தை ஓட்டிக் காட்டினார். சாயத்துக்கு அடியில் மெல்லிய கோடு ஒன்று தையல் போல ஓடியது. "இது அடிச்ச சாமான் இல்ல, ஊத்தின சாமான். ரெண்டு அச்ச ஒண்டா வெச்சி ஊத்தின எடம் இது. அடிச்ச இரும்பு ஏலாட்டி வளையும், நமக்குத் தெரியும். ஊத்தினது சொல்லாமக் கொள்ளாம ஒடையும்."

அவரிடம் படித்ததைத்தான் நான் இன்றைக்கும் யாருக்கும் சொல்வேன். சுத்தியல் தலையை நூலில் தொங்கவிட்டு இன்னோர் இரும்பால் தட்டினால் ஓசை நீண்டு நிற்க வேண்டும். பட்டென்று செத்தால் உள்ளே விரிசல். தட்டும் முகத்தில் அரத்தை வைத்து இழுத்தால் அரம் வழுக்க வேண்டும். கடித்தால் இரும்பு இன்னும் பச்சை, பதம் ஏறவில்லை. கைப்பிடி மரத்தின் ரேகை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராக ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறும் ரேகை, முறியப் போகும் இடம். சாயம் பூசிய கைப்பிடியை வாங்கவே கூடாது, ரேகையை மறைக்கத்தான் சாயம். சாவி விஷயத்தில் அவர் இன்னும் கண்டிப்பு. என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பி நட்டைக் கழற்றி எடுத்துவரச் சொன்னார். நாலு சாவிகளை அதில் மாட்டிப் பார்த்து, நட்டுக்கும் சாவியின் வாய்க்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாத ஒன்றைத் தந்தார். பார்க்க அழகில்லை. கொல்லன் அடித்த தழும்பு அப்படியே இருந்தது. மழுங்கிய மூலைகளையும் அது பிடித்தது.

"நட்டயும் மாத்திருங்க," என்றார் கடைசியில். "மூல போன நட்டு, பல்லுப் போன கெழவன் மாதிரி. ஒண்டயும் கடிக்கேலா."

நட்டை மாற்றவில்லை. அந்த அளவு நட்டு கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார்கள். நல்ல சாவி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். பழைய பெட்டியையும் ஆற்றில் போடவில்லை. வாங்கிய பொருளை எறிய மனம் வராமல், விறகு அடுக்கின் பின்னால் வைத்தேன்.

எங்களுக்கு மகள் ஒரே பிள்ளை. கலஹாவுக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருப்பவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். எட்டாம் மாதம் நடந்தது. நவராத்திரி முடிந்த வெள்ளிக்கிழமை தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. அதற்காக ஆவணி முழுக்க நான் வண்டியோடுதான் கிடந்தேன். அச்சுக்கு வண்டி மை மாற்றினேன். சக்கரத்தைச் சுற்றிய இரும்புப் பட்டாவை இறுக்கினேன். வண்டிக் கூட்டுக்குள் வைக்கோல் போட்டு அதன் மேல் இரண்டு மெத்தை விரித்துப் பார்த்தேன். நான் பயந்த சுபாவம். அவள் நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்கு இரவும் பகலும் ஏதாவது ஒரு பயம்.

எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்கு ஒரு முறை உண்டு. என் மனைவி வீட்டார் கொண்டுவந்த முறை. முதல்நாள் மாலையே சாமான்களைத் துடைத்து எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, கும்பத்துக்கு முன்னால் பலகையில் அடுக்கிவிட வேண்டும். மறுநாள் பூசை. அதற்கும் மறுநாள் மறுபூசை செய்த பிறகுதான் எடுக்கலாம். வண்டிக்கும் மாட்டுக்கும் பொட்டு வைத்தால் போதும், அவை அவசரத்துக்கு ஓடலாம். பலகையில் வைத்தது மட்டும் அசையக் கூடாது. நான் வண்டியில் இருந்த நல்ல சாமான்களை எல்லாம் எடுத்து வைத்தேன். தகரப் பெட்டியை வைக்கவில்லை. அதைச் சாமி முன்னால் வைக்க வெட்கமாக இருந்தது.

பூசையன்று காலையில் சூடம் எரிந்துகொண்டிருக்கும்போது தோட்டத்து ஆள் ஒருவர் வாசலில் வந்து நின்றார். விடியுமுன் புறப்பட்டு ஓடி வந்திருக்கிறார். மருமகனின் கடிதம் நாலே வரி. முகமும் காலும் வீங்கியிருக்கின்றன. தலைவலி தாங்க முடியவில்லை என்கிறாள். மருந்து கொடுக்கும் தோட்டத்து டிஸ்பென்சர் இன்றைக்கே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். கோப்பி பறிப்பு உச்சத்தில் இருப்பதால் துரை என்னை விடமாட்டேன் என்கிறார், மாமா உடனே வண்டி கொண்டு வர வேண்டும்.

நான் மாட்டைப் பூட்டிவிட்டு உள்ளே ஓடிவந்து பலகையில் இருந்த சாவியில் கை வைத்தேன். என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னங்க, அத எடுக்காதீங்க."

"வண்டிக்கு வேணும். மலைப் பாதை."

"தெரியுங்க. ஆனா இன்னைக்கு எடுக்கக் கூடாது. இன்னைக்குப் போயி, புள்ளத்தாச்சியக் கூட்டியாரப் போற நேரத்துல..." அவளால் முடிக்க முடியவில்லை. "நான் ஒங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லங்க."

நான் மிஷன் பள்ளியில் படித்தவன். இந்த முறைகளை ஆண்டுதோறும் கேலி செய்தவன். அன்றைக்குக் கேலி வரவில்லை. அவள் சொன்னதை நம்பினேன் என்று சொல்ல முடியாது. நம்பாமல் இருக்கத் துணிவில்லை. சாமானை எடுத்து, அதன் பிறகு மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மனைவி என்னை எப்படிப் பார்ப்பாள், நான் என்னை எப்படிப் பார்ப்பேன் என்றுதான் நினைத்தேன். கையை எடுத்தேன். விறகு அடுக்கின் பின்னால் போய்த் தகரப் பெட்டியை எடுத்து வண்டியில் போட்டேன். அதற்குச் சந்தனம் வைக்கவில்லை, அதனால் தடையும் இல்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லி வைப்பதாகச் சொன்னாள்.

பேராதனையில் கோப்பி வண்டிகள் எல்லாம் சாலையோரம் நின்றன. சக்கரத்துக்குச் சக்கரம் சந்தனம், நுகத்தடியில் வாழைக்கன்று, மாட்டுக் கொம்பில் செவ்வந்தி. வண்டிக்காரர்கள் குளித்துப் புது வேட்டி கட்டிப் பொரி தின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னா ஐயா, இன்னைக்குமா ஓட்டம்? ஒங்க மாடு என்னா பாவம் செஞ்சுச்சு?" என்று ஒருவர் கத்தினார்.

மாட்டைத் தட்டி ஓட்டினேன். மேலே ஏறும்போது இரண்டு தடவை இறங்கி நட்டைக் கையால் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

உச்சி வேளைக்குத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மருமகனின் வீட்டு வாசலில் கதிரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அது என் மகள் என்று தெரிய எனக்கு ஒரு நொடி ஆயிற்று. கண்கள் இரண்டும் வீக்கத்துக்குள் போயிருந்தன. "வாங்கப்பா" என்றாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அடையாளம் தெரிந்தது. மருமகன் அவளைத் தூக்கி வண்டி மெத்தையில் வைத்தார். தோட்டத்து மருத்துவச்சியும் கூட ஏறிக்கொண்டாள். என் வயதுதான் இருக்கும். யாருக்கும் பயப்படாத வாய்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மேடு. இரண்டு மைல் கட்டை தாண்டி ஒரு வளைவுவரை போயிருப்போம். மாட்டு மணியோடு சேராத ஒரு சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் பொறுத்து, டக். குதித்து இறங்கிப் பார்த்தேன். இடது சக்கரம் அச்சிலிருந்து இரண்டு விரல் வெளியே வந்திருந்தது. நட்டு கடைசி மரையில் கோணலாகத் தொங்கியது. அதற்குப் பிறகு பள்ளம்தான்.

"இறங்குங்க" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. மாடு மிரண்டு ஓர் அடி எடுத்து வைத்தது. வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நெற்றியில் கை வைத்து நிறுத்தினேன். மருத்துவச்சி முதலில் குதித்து, என் மகளின் அக்குளில் இரு கையையும் கொடுத்து, மேட்டுப் பக்கமாகவே இழுத்து இறக்கினாள். வண்டி அசையாமல் இருக்க நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். என் மகளை இறக்க என் கை ஒன்றுகூட உதவவில்லை.

அவளை மேட்டுப் பக்கக் கரையில் சாக்கு விரித்து உட்காரவைத்துக் குடையைக் கையில் கொடுத்தோம். நான் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, முறிந்து கிடந்த மரமொன்றை நெம்புகோலாக்கி அச்சைத் தூக்கிக் கல்லில் நிறுத்தினேன். சக்கரத்தை உள்ளே தள்ளினேன். அதுவரை சரி. நட்டு மட்டும் ஏறவில்லை. மரைக்குள் மணல் புகுந்து கோணலாக இறுகிவிட்டது. சாவியை மாட்டி அழுத்தினேன். வழுக்கியது. மறுபடி அழுத்தினேன். வழுக்கி முழங்கை கல்லில் இடித்தது. மூன்றாவது தடவை முழு எடையையும் கொடுத்தேன். ஓர் ஓசையும் இல்லாமல் சாவியின் ஒரு தாடை உடைந்து சேற்றில் விழுந்தது. வெள்ளைச் சர்க்கரை உடைந்ததைப் போல உள்ளே பொடிப்பொடியாக இருந்தது.

வெட்டிரும்பை நட்டின் மூலையில் வைத்துச் சுத்தியலால் தட்டித் திருப்பப் பார்த்தேன். ஏழோ எட்டோ அடிதான். சுத்தியல் தலை கழன்று பறந்தது. என் மகளின் காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கரையில் குத்திக்கொண்டு நின்றது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. எதையோ பார்ப்பது போல நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவச்சி எழுந்து வந்து அந்தத் தலையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ஐயா, இதுதான் ஒங்க வீட்டுச் சாமானா? ஒங்க மக சொல்லுச்சு, எங்கப்பா வண்டிக்கு அம்புட்டுச் சாமான் வச்சிருக்காரு, தொடைச்சுத் தொடைச்சு வைப்பாருன்னு."

"அது பூசையில இருக்கு."

"என்னாது?"

"இன்னைக்கு ஆயுத பூசை. எடுக்கக் கூடாதுன்னு..."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நானும்தான் கொடி வெட்டுற கத்தரிய பூசையில வச்சேன். ஆளு வந்து கூப்புட்டதும் எடுத்து மடியில சொருவிக்கிட்டேன். இந்தா இருக்கு. சாமிக்குக் கோவம் வந்தா ஏங்கிட்ட வரட்டும், புள்ளகிட்ட ஏன் போவுது?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சரி விடுங்க. ரோட்டப் பாருங்க, யாராச்சும் வாறாங்களான்னு."

யாரும் வரவில்லை. கோப்பி இறங்கும் காலத்தில் அந்த ரோட்டில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையில் வெற்றிலை மடிக்கக்கூட நேரம் இருக்காது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. பேராதனையில் பார்த்த செவ்வந்தி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மலையெங்கும் எங்கள் ஆட்கள் வண்டியை நிறுத்திப் பொட்டு வைத்துவிட்டுச் சாமி கும்பிடுகிறார்கள். என்னிடம் சாமான் இல்லாததற்கும் ரோட்டில் ஆள் இல்லாததற்கும் காரணம் ஒன்றுதான்.

நான் விரலாலேயே நட்டைத் திருகப் பார்த்தேன். நகம் பிய்ந்தது. கயிற்றால் சுற்றி இழுத்தேன். கல்லால் அடித்தேன். மேலே தோட்டத்துக்கு ஓடலாமா, கீழே ஓடலாமா என்று பத்து அடி போவேன், அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். "தலை எப்படியம்மா இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்லப்பா, நீங்க வேலையப் பாருங்க" என்பாள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

கடைசியில் கீழேயிருந்து அரிசி மூட்டை ஏற்றிய ஒரு வண்டி வந்தது. சிங்கள வண்டிக்காரர். அவருக்குப் பூசை நாள் இல்லை. கரையில் இருந்தவளைப் பார்த்ததும் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே நட்டின் முன்னால் குந்தினார்.

"ஐயா இத எறுக்கித்தானே பாத்தது?" என்றார் தம் தமிழில்.

"ஆமா."

"பிழை. முதல்ல களட்டணும். மண்ணோட எறுக்கினா எப்பிடி வாறது?"

தம் வண்டிக்கு அடியில் தொங்கிய சாக்கிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். கறுத்து, தழும்பேறி, பிடியில் மாட்டுத் தோல் சுற்றியிருந்தது. சாக்கு நூலைக் கிழித்துச் சாவியின் வாய்க்கும் மழுங்கிய மூலைக்கும் நடுவே திணித்தார். பின்னோக்கி ஒரே இழுப்பு. நட்டு கழன்று கையில் வந்தது. மரையை விளக்கெண்ணெய் விட்டுக் கழுவி, விரலால் இரண்டு சுற்று நேராக ஏற்றி, பிறகு சாவியால் இறுக்கினார். ஒரு சுருட்டைப் பிடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. எழுந்து போகும்போது என் மகளைப் பார்த்து, "பய வென்ன எப்பா, துவ" என்றார். பயப்படாதே மகளே என்று பொருள். அவள் அந்தக் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். ஆனால் அவர் நின்ற இடத்தைப் பார்க்கவில்லை. அதை அப்போது நான் கவனித்தேன். ஆனால் என்னவென்று யோசிக்கவில்லை.

வெளிச்சம் மங்குமுன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தோம். என் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டியிலிருந்து இறக்கும்போதே மகளுக்கு முதல் வலிப்பு வந்தது. உள்ளே இன்னும் இரண்டு வந்ததாகச் சொன்னார்கள். குழந்தை ஆண். அது அழவில்லை. டாக்டர் வந்து எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, தாய் பிழைக்கலாம், நாலு நாள் போக வேண்டும் என்றார். நாலு நாள் போயிற்று. அவள் பிழைத்தாள்.

இரண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைக் கேட்க மூன்று தடவை அவர் அறை வாசல்வரை போனேன். மூன்று தடவையும் திரும்பி வந்தேன். இனிக் கேட்கப் போவதில்லை. என் மனைவியும் அந்தப் பலகையைப் பற்றிப் பேசுவதில்லை. மறுபூசை யாரும் செய்யவில்லை. ஒரு வாரம் கழித்து, சந்தனம் காய்ந்து உதிர்ந்த சாமான்களை அவளே எடுத்துக்கொண்டுபோய் வண்டியில் வைத்திருந்தாள்.

மகள் எங்கள் வீட்டில் தேறி வந்தாள். ஒருநாள் மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அப்பா, அன்னைக்கு ரோட்டுல எனக்குக் கண்ணு தெரியலப்பா. இறக்கி உட்கார வச்ச கொஞ்ச நேரத்துலயே இருட்டிருச்சு."

நான் கையில் இருந்த மருமகனின் கடிதத்தைக் கீழே வைத்தேன். "ஏம்மா சொல்லல?"

"சொன்னா ஒங்க கை நடுங்கும். ஏற்கெனவே நடுங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. சுத்தியல் சத்தத்துலயே தெரிஞ்சுச்சு."

அவள் கல்லைப் பொறுக்கி முற்றத்தில் எறிந்தாள். இப்போது அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அரிசிக்குள் இருக்கும் சிறு கல்லும் தப்புவதில்லை.

மருமகன் வாரத்துக்கு ஒரு கடிதம் போடுகிறார். பறிப்பு முடிந்துவிட்டது, வீடு வெறிச்சென்று இருக்கிறது, எப்போது கொண்டுவந்து விடுவீர்கள் என்று எழுதுகிறார். அவளும் போக வேண்டும் என்கிறாள். கொழும்பிலிருந்து புது நட்டுகள் வந்துவிட்டன. நானே மாற்றினேன், மூன்று தடவை கழற்றி மாட்டிப் பார்த்தேன். ரோடு காய்ந்திருக்கிறது. நேற்றும் அவள் கேட்டாள், "எப்பப்பா போறோம்?"

அடுத்த வாரம் என்றேன். போன வாரமும் அதையேதான் சொன்னேன்.